ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பும் அத்தை

அத்தை அந்த அடுப்பை முதன்முதலாகப் பற்ற வைத்த அன்று மாமாவின் சட்டை ஒன்று பலியானது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்தில் அடுப்பு. அதற்கு நேர் மேலே, கொடியில், வெள்ளைச் சட்டை. அத்தை தீக்குச்சியை நீட்டினாள். புஸ்ஸென்று இடுப்பு உயரத்துக்கு ஒரு மஞ்சள் தீ எழுந்தது. அத்தை பின்னால் தாவினாள். சட்டைக்குத் தாவத் தெரியாது.

சத்தம் கேட்டு மாமா வந்து பார்த்தார். சட்டையின் இடது கை முழங்கைக்குக் கீழே கருகித் தொங்கியது.

"நல்ல வேளை, நான் அதுக்குள்ள இல்ல" என்றார்.

"ஒரு கைதானே போச்சு? இன்னொரு கையையும் வெட்டிட்டா அரைக்கைச் சட்டை. சாயங்காலம் தைச்சுத் தர்றேன்" என்றாள் அத்தை. அப்படியே தைத்தும் கொடுத்தாள். மாமா இன்றைக்கும் அதைத்தான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. நாற்பத்தெட்டு வயது. தையல்காரி. சாவி செய்யும் கடைக்கு மேலே, ஒரே ஒரு சன்னல் வைத்த அறையில் இரண்டு தையல் இயந்திரங்களும் ஒரு வெட்டு மேசையும் போட்டு இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறாள். பேசும்போது வாயில் நான்கு குண்டூசி இருக்கும். அவற்றைக் கீழே விழாமல் வைத்துக்கொண்டே அவளால் திட்ட முடியும், சிரிக்க முடியும், தொலைபேசியில் சண்டை போட முடியும். தெருவில் போகிறவரைப் பார்த்து "இடுப்பு முப்பத்தாறு, ஆனா முப்பத்தி நாலுன்னுதான் சொல்லுவாரு" என்பாள்.

அந்த ஒற்றைச் சன்னலில் தெரிவது மலை. அவளுடைய பெரிய இயந்திரம் அந்தச் சன்னலைப் பார்த்துத்தான் இருக்கிறது. தலையை நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் அதே மலை, அதே பக்கம். மலைக்கு அந்தப் பக்கம் அவள் போனதில்லை. ஒருமுறை நான், "அந்தப் பக்கமும் மலைதானே அத்தை, வேற என்ன இருக்கப் போகுது?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து வைத்தாள். அப்படி எடுத்து வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ஒரு சட்டையை வெளிப்பக்கம் பார்த்துட்டு நல்லா தைச்சிருக்காங்கன்னு சொல்லிட முடியுமா? உள்பக்கம் திருப்பிப் பார்க்கணும். இருபத்திரண்டு வருஷமா நான் இந்த மலையோட வெளிப்பக்கத்தையே பார்த்துட்டு இருக்கேன்டீ."

அத்தையின் ஆசை அவ்வளவுதான். மலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அதற்கு வழி ஒரு பல் டாக்டர் உருவத்தில் வந்தது. எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் குழு உண்டு. எட்டுப் பேர். பள்ளி முடித்த கையோடு, வீட்டில் உட்கார முடியாமல், நானும் அதில் சேர்ந்திருந்தேன். டாக்டர்தான் தலைவர். இருட்டில் பளபளக்கும் பட்டை வைத்த ஜாக்கெட் எட்டு தைக்க வேண்டும் என்று அத்தையின் கடைக்கு வந்தார். வருடத்துக்கு ஒருமுறை குழு மூன்று நாள் சவாரியாக மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் வரும் என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

அத்தையின் கத்திரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

"எட்டுதானா டாக்டர்? ஒன்பதாவதா ஒண்ணு தைச்சிடவா?"

"யாருக்கு?"

"அளவெடுக்க வேண்டாத ஆளுக்கு."

அப்போது அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டாள். நான் அத்தை என்று கூப்பிடுவதைக் கேட்டு மொத்தக் குழுவும் அவளை அத்தை என்றே கூப்பிட்டது. அறுபது வயது டாக்டர் உட்பட.

ஆனால் அத்தை மெதுவாகத்தான் ஓட்டுவாள். எவ்வளவு மெதுவாக என்றால், ஒருமுறை ஒரு நாய் அவளைத் துரத்த ஆரம்பித்து, பாதியில் அலுத்துப் போய்ப் படுத்துக்கொண்டது. இதைச் சொன்னது பிரேக் அண்ணன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை செய்கிறார். மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, நாற்காலியில் இருக்கும்போது கூட அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். பெயர் வந்த கதை அதுதான். வாயில் மட்டும் பிரேக் கிடையாது.

"அத்தை வந்து சேர்றதுக்குள்ள மலையே தேஞ்சு மைதானமாயிடும்" என்பார்.

"உன் வாய்க்கு ஒரு ஜிப் வெச்சுத் தைக்கணும்டா" என்பாள் அத்தை.

வாய்க்குத் தைக்கவில்லை. ஜாக்கெட்டுக்குத் தைத்தாள். அவருடைய ஜாக்கெட் ஜிப்பின் இழுப்பான் உடைந்துவிட்டது என்று கொண்டுவந்தார். அத்தை பொத்தான் டப்பாவைக் கிளறி, பட்டாணியளவு பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து, மெழுகு நூலை அதன் கழுத்தில் இறுக்கிக் கட்டி ஜிப்பில் தொங்கவிட்டாள். அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பேசும்போதெல்லாம் அதை விரலால் தட்டிக்கொண்டே பேசுவார். "ஒன்பது ஜாக்கெட்ல எனக்கு மட்டும்தான் பித்தளை."

இந்த ஜிப் சமாச்சாரம் நடந்தது அத்தை அடுப்பு வாங்கிய பிறகு. அடுப்பு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சவாரியில், அணைக்கட்டின் மேல், எட்டுப் பேரும் அத்தைக்காக ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். அவள் வந்ததும் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை சவாரிக்கு இது பரவாயில்ல. மலை தாண்டுறது வேற. மேல குளிர் அடிக்கும். வேர்த்த உடம்போட எட்டுப் பேர் ஒரு மணி நேரம் நின்னா எட்டுப் பேருக்கும் ஜுரம்தான்."

அத்தை சைக்கிளை ஓரமாகச் சாய்த்து நிறுத்தினாள்.

"டாக்டர், என்னால வேகமா வர முடியாது. ஆனா முன்னாடி வர முடியும்."

"புரியல."

"நீங்க ஆறரைக்குக் கிளம்புங்க. நான் அஞ்சரைக்குக் கிளம்பறேன். நீங்க நிக்கிற இடத்துல நான் முன்னாடியே இருப்பேன். சும்மாவும் இருக்க மாட்டேன். நீங்க வரும்போது சூடா டீ இருக்கும்."

"டீயா? அங்க யாரு அடுப்பு வெச்சிருக்கா?" என்றார் பிரேக் அண்ணன்.

"நான் வெச்சிருப்பேன்."

டாக்டர் சிரித்தார். அவருக்கு டீ என்றால் உயிர். ஆனால் தலைவர் அல்லவா, ஒரு விதி போட்டார். பயணத்துக்கு முந்தைய வாரம் மலைப்பாதையின் பத்தாவது வளைவு வரை ஒரு சோதனைச் சவாரி. கடைசி ஆள் வந்து சைக்கிளை நிறுத்தும்போது அவர் கையில் சூடான டம்ளர் இருக்க வேண்டும். இருந்தால் அத்தை வரலாம். இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

அன்று மாலையே அத்தை, ஊர் சுற்றுகிறவர்கள் விட்டுப்போகும் சாமான்களை விற்கும் கடைக்குப் போய் அந்த அடுப்பை வாங்கி வந்தாள். அடுப்பு என்றால் நம்பமாட்டீர்கள், உள்ளங்கையில் அடங்கும். மடக்கக்கூடிய மூன்று கால்கள். தனியாக ஒரு சிவப்பு பாட்டில், அதில் பெட்ரோல். பாட்டிலின் வாயில் ஒரு சின்னக் கைப்பம்பு. பாட்டிலையும் அடுப்பையும் சேர்க்க ஒரு மெல்லிய குழாய். எல்லாம் ஒரு துணிப்பைக்குள். பையின் அடியில் ஒரு சின்னத் திருகுச்சாவியும், எதற்கென்று தெரியாத சில்லறைச் சாமான்களும் கிடந்தன. சாவியை அத்தை பையிலேயே வைத்தாள். பொத்தான் மாதிரி இருந்தவை பொத்தான் டப்பாவுக்குப் போயின. வழிகாட்டிக் காகிதமும் இருந்தது, பாதி கிழிந்து.

மாமா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒரு நாளைக்கு ஒரு பிழையாவது கண்ணில் படாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் கிழிந்த காகிதத்தில் இருந்த படங்களைப் பார்த்து அவர்தான் வேலை செய்யும் விதத்தைச் சொன்னார். பம்பை அழுத்தினால் பாட்டிலுக்குள் காற்று ஏறும். காற்று பெட்ரோலைத் தள்ளும். முதலில் சில சொட்டுகளை மட்டும் அடுப்பின் கிண்ணத்தில் விழவிட்டு, பாட்டிலின் திருகை மூடிவிட்டுப் பற்ற வைக்க வேண்டும். அது மஞ்சளாக, அசிங்கமாக எரியும். பயப்படக்கூடாது. அந்தத் தீ கிண்ணத்துக்கு மேலே இருக்கும் அடுப்புக் குழாயைச் சூடாக்கும். குழாய் நன்றாகச் சூடான பிறகு திருகைத் திறந்தால் பெட்ரோல் ஆவியாகி, நடுவில் இருக்கும் பித்தளை மூக்கின் ஓட்டை வழியாகச் சீறிக்கொண்டு வரும். அப்போது தீ நீலமாக மாறும். அந்த ஓட்டை மயிரிழை அளவுதான். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

சில சொட்டு என்பதை அத்தை முதல் நாள் அரை டம்ளர் என்று எடுத்துக்கொண்டாள். அதுதான் சட்டை போன கதை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பயிற்சி. கொடி இடம் மாறியது. ஒருநாள் பம்பை எவ்வளவு அழுத்தியும் காற்றே ஏறவில்லை. அத்தை அதைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே இருந்த தோல் வளையம் காய்ந்து சுருங்கியிருந்தது. "தோல்னா எண்ணெய் கேக்கும்" என்று தையல் இயந்திர எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு விரலால் நீவிவிட்டாள். பம்பு பிடித்துக்கொண்டது. இன்னொரு நாள் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பிவிட்டாள். காற்றுக்கு இடமில்லாமல் தீ விட்டு விட்டு எரிந்தது. "வயிறு முட்டச் சாப்பிட்டா யாருக்குத்தான் மூச்சு வரும்?" என்று கொஞ்சம் பெட்ரோலைத் திரும்ப ஊற்றினாள். இரண்டு வாரத்தில், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே அடுப்பின் உடல்நிலையைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். நன்றாக எரியும்போது, இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டி நீளத் தையல் போடுவது மாதிரி ஒரே சீரான இரைச்சல் வரும். ஒன்பது டம்ளர் தண்ணீர் எட்டு நிமிடத்தில் கொதிக்கும்.

சோதனைச் சவாரிக்கு முந்தைய நாள் மாலை அடுப்பு இருமியது.

தீ மெலிந்து, விட்டு விட்டு, இளைத்துப்போய் எரிந்தது. அத்தை பம்பைப் பார்த்தாள், சரி. பாட்டிலைப் பார்த்தாள், சரி. பெட்ரோலை லைனிங் துணியில் வடிகட்டினாள். தீ தேறவில்லை.

"அப்ப ஓட்டைதான் அடைச்சிருக்கு" என்றாள். "ஓட்டைன்னா ஊசி."

வேறு எந்தத் தொழில் செய்கிறவரும் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார். தையல்காரிக்கு ஓட்டையைப் பார்த்ததும் கை தானாக ஊசிக்குப் போகும். தன்னிடம் இருப்பதிலேயே மெல்லியதான, மணி கோக்கும் ஊசியை எடுத்து, அடுப்பின் மேலிருந்தபடியே உள்ளே விட்டாள். பாதி போய் நின்றது. அத்தை விடுவாளா? முனையில் மெழுகு தடவி, முறுக்கி முறுக்கி இறக்கினாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். தடுக்கவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மறுபடி பற்ற வைத்தோம். பெரிய தீ! நான் கைதட்டினேன்.

மாமா பின்வாசலில் நின்று பார்த்தார். "நீலமா எரியணும்னு சொன்னேனே. மஞ்சளா இருக்கே?"

"பெருசா இருக்கா இல்லையா?"

"பெருசா இருக்கு. மஞ்சளாவும் இருக்கு."

"வீட்டுலயும் பிழை திருத்தணுமா? புதுப் பெட்ரோல், அதான் அப்படி எரியுது" என்று அத்தை அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை அவள் ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டாள். நாங்கள் ஆறரைக்கு. ஏற்றம் எனக்குப் பிடிக்கும், அதனால் நான்தான் முதலில் மேலே போய்ச் சேர்ந்தேன். ஒன்பதாவது வளைவைத் திரும்பும்போதே, மேலே கறுப்பாகப் புகை தெரிந்தது.

பத்தாவது வளைவில், மழைக்கு ஒதுங்கும் கூரைக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவர் ஓரமாக அத்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மஞ்சளாக, நாக்கை நீட்டி நீட்டி எரிந்தது. பாத்திரம் முழுக்கக் கரி. அத்தையின் மூக்குக்குக் கீழே பெரிய மீசை மாதிரி கரிக்கோடு.

"எவ்வளவு நேரமா அத்தை?"

"இருபத்தஞ்சு நிமிஷமா. பாதி பெட்ரோல் போச்சு. தொட்டுப் பாரு. குளிக்கிற சூடு கூட வரல."

அதற்குள் பிரேக் அண்ணன் வந்து இறங்கினார். புகையைப் பார்த்தார். "அத்தை, டீதானே கேட்டோம்? டயர் கேக்கலையே?"

வழக்கமாக அத்தை இதற்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். இன்று குனிந்து பம்பை இன்னும் இரண்டு முறை அழுத்தினாள். அண்ணனுக்கே சங்கடமாகிவிட்டது. பித்தளையைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். டாக்டர் மட்டும் இல்லை. அவர் எப்போதும் எல்லோருக்கும் பின்னால்தான் வருவார். கடைசிப் பல்லையும் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடச் சொல்கிற மனிதர். அன்று குழுவில் இருக்கும் தபால்காரரின் சைக்கிள் சங்கிலி ஆறாவது வளைவில் கழன்றுவிட்டதாம். டாக்டர் கூட இருந்து மாட்டிக்கொண்டிருக்கிறாராம்.

"இன்னும் இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு" என்றேன்.

அத்தை அடுப்பை அணைத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள்.

"பம்பு சரி. பாட்டில் சரி. பெட்ரோல் வடிகட்டினது. நேத்து ஊசி போகும்போது இறுக்கமா போச்சு." நிறுத்தினாள். விரல்களால் காற்றில் ஒரு ஊசியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "வரும்போது லூசா வந்துது."

"அதனால என்ன அத்தை?"

"துணியில அப்படி ஊசி வந்தா என்ன அர்த்தம்? துணி கிழிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்! அடைப்பை எடுக்கலடீ நான். ஓட்டையையே பெருசாக்கிட்டேன். அதான் பெட்ரோல் அளவுக்கு மீறிக் கொட்டுது. காத்தோட கலக்க முடியாம மஞ்சளா எரியுது. அந்த மனுஷன் நேத்தே சொன்னாரு, மஞ்சளா இருக்குன்னு."

அடுப்பு ஆறும் வரை தொட முடியாது. பிரேக் அண்ணன் டப்பா மூடியால் விசிறினார். அத்தை பாட்டிலைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, பம்பை மெல்லத் திருகி உள்ளே இருந்த காற்றைச் சீறவிட்டாள். ஆறு நிமிடம் போனது. அடுப்பில் கைவைக்க முடிந்ததும், சின்னத் திருகுச்சாவியால் நடுவில் இருந்த பித்தளை மூக்கைக் கழற்றினாள். அதை அவள் வெளியே எடுப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு விரலில் பிடித்து வானத்துக்கு நேரே காட்டினாள். ஓட்டை வழியாக வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தது.

"வாசக்கதவு மாதிரி இருக்கு" என்றார் யாரோ.

அத்தை அதைக் கீழே இறக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, அதையே உற்றுப் பார்த்தாள். பட்டாணியளவு. ஆறு பட்டையாகத் தலை. கீழே திருகு மரை. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி பிரேக் அண்ணனைப் பார்த்தாள்.

"என்ன அத்தை, என் நெஞ்சையே பார்க்கறீங்க?"

"அசையாத."

அத்தையின் இடுப்புப் பையில் எப்போதும் ஒரு குட்டிக் கத்திரி இருக்கும். அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கரி மீசையும் கத்திரியுமாக அவள் வந்த கோலத்தைப் பார்த்து அண்ணன் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

"அத்தை! கிண்டல்தானே பண்ணினேன்!"

"அசையாதன்னு சொன்னேன்டா." நறுக். மெழுகு நூல் அறுந்தது. அவருடைய ஜிப்பில் இரண்டு மாதமாகத் தொங்கிய பித்தளை அத்தையின் உள்ளங்கையில் விழுந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே அச்சு. அடுப்போடு வந்த உபரி மூக்கை அவள் பொத்தான் என்று நினைத்து டப்பாவில் போட்டிருக்கிறாள்.

புதியதை வானத்துக்குக் காட்டினோம். இருட்டு. இரண்டு மாத வேர்வையும் தூசும் அடைத்திருந்தன. அத்தையின் கை தானாகக் காலரில் குத்தியிருந்த ஊசிக்குப் போனது.

"ஊசி வேண்டாம்!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம். மலை அதைத் திருப்பிக் கத்தியது.

"சரி, சரி. பழக்க தோஷம்." பாட்டில் மூடியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, அதில் பித்தளையை அலசி, நன்றாக உலுக்கிவிட்டு, கன்னம் உப்ப ஊதினாள். மறுபடி அலசல், மறுபடி ஊதல். மூன்றாவது முறை காட்டியபோது, நடுவில் ஊசிமுனையை விடச் சின்னதாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது.

மூக்கைத் திருகினாள். பம்பை இருபது முறை அழுத்தினாள். சொட்டு விட்டாள், எண்ணி ஏழு. தீக்குச்சி. மஞ்சள் தீ எழுந்தது. குழாய் சூடாக வேண்டும், அதற்கு ஒரு நிமிடமாவது ஆகும். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பரீட்சை மண்டபத்தின் கடைசி ஒரு நிமிடத்தை விட நீளமாக இருந்தது. மஞ்சள் தீ சுருங்கி, அணையப்போகும் நேரத்தில் அத்தை திருகை மெல்லத் திறந்தாள்.

நீலம்.

சத்தம் கொஞ்சம் சின்னது, ஆனால் சீரானது. "ஓடுது" என்றாள் அத்தை. மணி பார்த்தோம். பாத்திரத்தைத் துடைத்து, புதுத் தண்ணீர் ஊற்றி ஏற்றினாள். காற்று அடித்தது. எல்லோரும் சைக்கிள்களைச் சாய்த்து, ஜாக்கெட்டுகளை அவற்றின் மேல் விரித்து, அடுப்பைச் சுற்றி ஒரு சுவர் கட்டினோம்.

தீ நன்றாக இருந்தது, ஆனால் சின்னதாக இருந்தது. அது மண்ணெண்ணெய்க்கான மூக்கு என்பதும், ஓட்டை பெட்ரோல் மூக்கை விடச் சின்னது என்பதும் பிறகு கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எட்டு நிமிடமும் ஆனது, பத்தும் ஆனது. தண்ணீர் பாட ஆரம்பித்திருந்தது, கொதிக்கவில்லை. கீழே ஒன்பதாவது வளைவில் டாக்டரின் சைக்கிள் மணி கேட்டது.

"மூடியைத் திறக்காதீங்க, சூடு போயிடும்" என்றேன். அத்தை மூடியைத் திறக்கவில்லை. நகத்தைக் கடித்தாள்.

தபால்காரர் வந்தார். அவருக்குப் பின்னால், சிரித்துக்கொண்டே, டாக்டர் வந்து சைக்கிளை நிறுத்தினார். கையுறைகளைக் கழற்றினார். கையை நீட்டினார்.

"என்ன அத்தை, டீ?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் டாக்டர்" என்றாள் அத்தை. "ஆகல. ஆச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. அத்தை வரவேண்டும் என்று அவருக்கும் ஆசைதான், முகத்தில் தெரிந்தது. ஆனால் விதி போட்டது அவரே. "கடைசி ஆள் வந்து நிக்கும்போதுன்னு சொல்லியிருந்தேன்…" என்று இழுத்தார்.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"டாக்டர்! நான் இன்னும் வரலையே!"

எல்லோரும் கைப்பிடிச் சுவருக்கு ஓடி எட்டிப் பார்த்தோம். வளைவுக்குக் கீழே, ஒரு நூறு அடி தள்ளி, பிரேக் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தார். டாக்டர் வந்த கலகலப்பில், அடுப்பைச் சுற்றிய சுவரிலிருந்து தன் சைக்கிளையும் ஜாக்கெட்டையும் உருவிக்கொண்டு அண்ணன் கூரைக்குப் பின்பக்கமாக எப்போது இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. இழுப்பான் போன ஜாக்கெட் திறந்து காற்றில் படபடத்தது.

"மேல இருந்தியேப்பா நீ?" என்றார் தபால்காரர்.

"யாரு, நானா? உனக்குக் கண்ணு சரியில்ல. ஏத்தம் ரொம்ப ஜாஸ்தி டாக்டர். முட்டி வலிக்குது." நான்கு அடி நடந்து, நின்று, பூ ஒன்றைக் குனிந்து பார்த்தார். மறுபடி நான்கு அடி. பிறகு டயரை அமுக்கிப் பார்த்தார்.

பாத்திரத்தின் மூடி தடதடத்தது. அத்தை பாய்ந்து தேயிலையைப் போட்டாள், சர்க்கரையைப் போட்டாள், கலக்கினாள், வடிகட்டினாள். பிரேக் அண்ணன் வந்து, மிகுந்த மரியாதையோடு சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். சாய்த்த அதே நொடியில் அத்தை அவர் கையில் டம்ளரை வைத்தாள். ஆவி பறந்தது.

"கடைசி ஆள் வந்தாச்சு. டம்ளர் கையில இருக்கு" என்றார் அவர். "விதின்னா விதிதானே டாக்டர்?"

டாக்டர் அவரையும், திறந்து கிடந்த ஜாக்கெட்டையும், அத்தையின் கரி மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் அவருடைய கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது. "வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கிற ஆளு வண்டியைத் தள்ளிட்டு வர்றதை இன்னைக்குத்தான் பார்க்கறேன். அத்தை, எனக்கு ஒரு டம்ளர் குடுங்க. அடுத்த வாரம் ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்துடுங்க."

டீயில் லேசாகக் கரி வாசனை இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை, பிரேக் அண்ணனைத் தவிர.

அந்த வாரமே அத்தை கடைக்குப் போய், சரியான பெட்ரோல் மூக்கும், ஓட்டையைச் சுத்தம் செய்ய அதற்கென்றே இருக்கும் மயிர்க்கம்பியும் வாங்கி வந்தாள். அதைப் பார்த்த மாமா, "இனிமே மஞ்சளா எரிஞ்சா என்னையும் ஒரு வார்த்தை கேளு" என்றார். பிரேக் அண்ணனுக்கு ஜிப் இழுப்பான் வேண்டுமே? கெட்டுப்போன மூக்கையே மெழுகு நூலில் கட்டிக் கொடுத்தாள். இப்போது அதைத்தான் தட்டிக்கொண்டு பேசுகிறார்.

பயணத்தின் இரண்டாம் நாள் மலை உச்சியைத் தாண்ட வேண்டும். அத்தை வழக்கம்போல ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினாள். அவள் முகத்தை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்று நான் உயிரைக் கொடுத்து மிதித்தேன். இருந்தாலும் அவள்தான் முந்தினாள். நான் போய்ச் சேரும்போது அடுப்பு நீலமாக இரைந்துகொண்டிருந்தது. பாத்திரம் கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே சரிவு முழுக்கப் புதரும் சரிந்த பாறையும் மண்டிக் கிடந்தன. நடுவில் வெள்ளை வெள்ளையாக எத்தனையோ நீரோடைகள் தொங்கின.

"என்ன அத்தை, உள்பக்கம் எப்படி இருக்கு?"

அத்தை வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். மலை உச்சியில் அவளுக்குக் குண்டூசி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"தையல் நல்லா கெட்டியாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா பாரு, பிசிறு நறுக்காமயே விட்டுட்டாங்க."